சும்மா வாசிக்கிறவள்

கோபப்படாமல் இந்தக் கதையைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன், கண்ணுகளா. முடியவில்லை. கொஞ்சம் சூடாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரு மின்சாரச் சாமான் வாங்குகிறீர்கள். பெட்டியைப் பிரித்ததும் மடித்து வைத்த ஒரு தாள் விழும். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அதை அநேகமாக யாரும் படிப்பதில்லை. ஆனால் அது அச்சாகுமுன் இரண்டு பேர் படித்தே ஆக வேண்டும். நான் சொல்லும் அச்சகத்தில் அந்த இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். பெரியவள், சின்னவள் என்றே வைத்துக்கொள்வோம்.

சின்னவள் கையில் கம்பெனி அனுப்பிய மூலத்தாள் இருக்கும். பெரியவள் முன்னால் புரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கிற மாதிரித்தாள். சின்னவள் புள்ளி, கமா ஒன்று விடாமல் சத்தமாக வாசிப்பாள். பெரியவள் வரிக்கடியில் அடிமட்டத்தை நகர்த்திக்கொண்டே, காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றுதானா என்று பார்ப்பாள். பன்மைக்கு வரும் எஸ்ஸுக்கு முன்னால் வேண்டாத ஒரு கமா மேலே தொங்கும். அட்வைஸில் சி இருக்க வேண்டிய இடத்தில் எஸ் உட்கார்ந்திருக்கும். முடிந்துபோன வாக்கியத்துக்குப் புள்ளி வைக்காமல், கமாவைப் போட்டு அடுத்ததோடு கட்டி இழுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் சிவப்புப் பேனா பிடிக்கும். கடைசியில் இருவரும் ஓரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டு கையெழுத்து இல்லாத தாளை மெஷின்காரர் தொடவே மாட்டார்.

ஒரு கல்யாண வீட்டில் பெரியவள் சொந்தக்காரர்கள் முன்னால் வாயை விட்டுவிட்டாள். "அவ சும்மா வாசிப்பா. பிழை பிடிக்கிறது நான்தான்." அன்றிலிருந்து சின்னவள் வீட்டில் அவளோடு பேசுவதில்லை. உப்பு ஜாடி வேண்டுமென்றாலும் புருஷனை விட்டுத்தான் கேட்பாள். ஆனால் வேலை செய்கிற இடத்தில் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? சண்டை அங்கேதான் நடக்கும், வாசிக்கிற அதே ராகத்தில்.

"அன்ப்ளக் ஆஃப்டர் யூஸ் ஃபுல் ஸ்டாப். அடுப்பு மேடையைத் துடைக்காம வந்தது யாரு கொஸ்டின் மார்க்."

"நேத்து துடைச்சது யாருன்னு கேளு ஃபுல் ஸ்டாப். மேல வாசி."

"நேத்து கமா, முந்தாநேத்து கமா, அதுக்கு முந்தின நாள் கமா, எல்லாம் நான்தான் ஃபுல் ஸ்டாப். அடுத்த பாரா."

ஒரு நாள் முதலாளி இருவரையும் கூப்பிட்டார்.

"அந்த ரூம்ல நாள் பூரா ஒரே பேச்சு. இப்ப கம்ப்யூட்டரே தப்புக்கு அடியில கோடு போட்டுக் காட்டுது. இனிமே ஒருத்தர் போதும்." சின்னவள் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்மா."

பெரியவள் பதறிப்போனாள். "சார், அவ வாசிக்காம நான் எப்படி..."

"நீங்களே சொன்னதுதானே? எங்க வீட்ல அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தாங்க. அவ சும்மா வாசிக்கிறவ, அவ்வளவுதானே?"

சின்னவள் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தாள். தொண்டை வறள வறள வாசித்தவளின் உழைப்புக்கு அங்கே பெயர் "பேச்சு". எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மறுநாள் ரூம் ஹீட்டர் ஒன்றின் தாள் வந்தது. பெரியவள் தனியாக உட்கார்ந்தாள். அடிமட்டம் வைத்துப் படித்தாள். பொருள் கண்ணை இழுத்துக்கொண்டு ஓடாமலிருக்கக் கடைசி வார்த்தையிலிருந்து பின்னோக்கிப் படித்தாள். தனக்குத்தானே சத்தமாகவும் படித்தாள். நாலைந்து பிழை சிக்கியது. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தால், ஃப்ரம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபார்ம். இரண்டுமே நல்ல வார்த்தை என்பதால் கம்ப்யூட்டர் கோடு போடவில்லை. அவளும் ஒவ்வொரு தடவையும் அதை ஃப்ரம் என்றே படித்துவிட்டுப் போயிருக்கிறாள். கண்ணு இருக்கிறதே, அது இருப்பதைப் படிக்காது, இருக்க வேண்டியதைப் படிக்கும். மூலத்தையும் புரூஃபையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் வரியும் நழுவியது.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து நின்றார். "முடிஞ்சுதா? கையெழுத்துப் போடுங்க. அவங்க கையெழுத்தையும் நீங்களே போட்டுடுங்க. மெஷின்காரருக்கு என்ன தெரியப்போகுது?"

"வாசிக்காதவ பேரை நான் எப்படி சார் போடறது? நாளைக்கு இந்த ஹீட்டரால ஒரு வீடு எரிஞ்சா அவளும்தானே பதில் சொல்லணும்?"

"பெரிய பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். காலையில மெஷின் ஓடணும்."

"ஓடாது சார்," என்று பேனாவை மூடிவிட்டாள் பெரியவள்.

வீட்டில் சின்னவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என்கூட வா."

கத்தி ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னைத்தாண்டி."

"உங்க தயவுல எனக்கு வேலை வேண்டாம் அக்கா."

"தயவா? ஃபார்மை ஃப்ரம்னு படிச்சுட்டு தாண்டித் தாண்டிப் போயிருக்கேன். நீ வாசிச்சிருந்தா அங்கேயே நின்னிருப்பேன்."

சின்னவள் நிமிர்ந்தாள். "அடுப்பங்கரையில சொல்லி என்ன புண்ணியம்? அங்க சொல்லுங்க."

சொன்னாள். காலையில் முதலாளி, மெஷின்காரர், தாள் மடிக்கிற பெண்கள் எல்லார் முன்னாலும் சொன்னாள். "கல்யாண வீட்ல நான் சொன்னது பொய் சார். பெருமைக்குச் சொன்னது. இவ வாசிக்கலைன்னா நான் பாதிக் குருடி." வாசலில் நின்ற சின்னவளின் முகம் இளகவே இல்லை. மெஷின் சும்மா நின்றுகொண்டிருந்ததால் முதலாளிக்கும் வேறு வழியில்லை. "சரி சரி, சீக்கிரம் வாசிங்க."

அன்று நடுவில் சண்டை எதுவும் இல்லை. முதல் பாரா முடிந்தது. இரண்டாவதில் சின்னவள், "கீப் அவே ஃப்ரம் கர்ட்டன்ஸ் அண்ட் பெட்டிங் ஃபுல் ஸ்டாப்" என்றாள். அடிமட்டம் நின்றது.

"என்ன வாசிச்சே?"

"கர்ட்டன்ஸ் அண்ட் பெட்டிங்."

புரூஃபில் அந்த வரியே இல்லை. தட்டச்சு செய்தவரின் கண் ஒரு வரி தாண்டிக் குதித்திருக்கிறது. முன் வரியும் பின் வரியும் தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டன. இல்லாத வார்த்தைக்கு அடியில் கம்ப்யூட்டர் எப்படிக் கோடு போடும்? திரைச்சீலை பக்கத்தில் வைக்காதே, படுக்கை பக்கத்தில் வைக்காதே என்கிற வரி அது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஒரு வரிதானே? அச்சடிக்கிற பிளேட்டே போட்டாச்சு. விடுங்க. யாரு படிக்கிறா இதையெல்லாம்?"

யாரு படிக்கிறாவாம்! குளிருக்கு ஹீட்டரை வாங்கிக் கைக்குழந்தையின் கட்டிலை ஒட்டி வைக்கப்போகிற ஒருத்தி படிப்பாள். அவளுக்கு ஒரு வரி கிடையாதாம், இவருக்கு பிளேட் வீணாகிவிடக் கூடாதாம். நீங்களே சொல்லுங்கள், இதற்கு எந்த ஊரில் நியாயம் கிடைக்கும்?

"படிக்கிறவங்க ரெண்டு பேரு இங்க நிக்கிறோம் சார்," என்றாள் சின்னவள். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட மாட்டோம்."

பெரியவள் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மெஷின்காரர் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டும் வந்ததும் கூப்பிடுங்க சார்."

முதலாளி கத்தினார், கதவை அறைந்தார், யாருக்கோ போன் செய்து அவரிடமும் கத்தினார். மத்தியானம் புது பிளேட் வந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் சின்னவளின் நாற்காலியை எடுத்துப்போகச் சொல்லவும் அதற்குப் பிறகு அவருக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். தெருமுனை தாண்டியதும் சின்னவள் ஆரம்பித்தாள்.

"அங்க சொன்னீங்க, சரி. ஆனா கல்யாணத்துல கேட்டவங்க யாரும் அங்க இல்லையே அக்கா."

"அவங்களையெல்லாம் நான் எங்கடி போய்த் தேடுவேன்?"

"அடுத்த மாசம் உங்க தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு எல்லாரும் வருவாங்க."

பெரியவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "உடம்பெல்லாம் வாய் உனக்கு. சரி, சொல்றேன். சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றேன்."

"முன்னாடியே சொல்லுங்க," என்றாள் சின்னவள். "சாப்பிட்டதும் பாதிப் பேரு கிளம்பிடுவாங்க."