புளோறன்ஸின் கையொப்பம்

கொட்டாஞ்சேனையில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் புளோறன்ஸ்தான் சிரித்துக்கொண்டு நின்றாள். நடுக்கவாதத்துக்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்கு உதவுங்கள் என்று நோயாளர் சங்கம் ஒட்டிய சுவரொட்டியில் அவளுடைய படம். அவளுக்கு அந்த வருத்தம் வந்து ஆறு வருடம். சட்டைப் பொத்தானைக்கூட மகள் ரொஷேல்தான் பூட்டிவிட வேண்டும். சங்கத்தார் படம் கேட்டபோது மாட்டேன் என்றா சொல்வாள்? சந்தோஷமாகத்தான் கொடுத்தாள்.

சங்கத்தின் ஆண்டறிக்கையை வாசித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சேரும் காசில் ஒரு பங்கு வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போகிறதாம். அங்கே மனிதக் கருவை அழித்து ஸ்டெம் செல் எனும் மூல உயிரணுவை எடுக்கிறார்களாம். தேவாலயத்துப் பங்குச் சுவாமியிடம் ஓடினாள். வளர்ந்தவர்களின் உயிரணுவை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், கருவை அழிப்பதற்குத் துணைபோகக் கூடாது என்றார் அவர். அன்றே சங்கத்துக்குத் தொலைபேசியில் கோல் எடுத்து, இது சரியில்லை என்றாள்.

மறுநாள் சங்கத்திலிருந்து உஷாந்தி வீட்டுக்கே வந்துவிட்டாள். நல்ல பிள்ளை; கதைக்கத் தெரிந்தவள்.

"அன்ரி, அந்தக் கரு ஊசிமுனை அளவுதான். கண்ணுக்கே தெரியாது."

"என்ர கிறிஸ்ரியையும் நான் கண்ணால காணேல்லைப் பிள்ளை. மூண்டு மாசத்தில வயித்துக்குள்ளேயே போனவன். முப்பத்தெட்டு வருசமா அவனுக்குப் பூசை ஒப்புக்குடுக்கிறன்."

புளோறன்ஸ் அவள் பக்கம் சாய்ந்தாள்.

"அந்த ஆய்வுகூடத்துக்குக் குடுக்கமாட்டம் எண்டு எழுதித் தாங்கோ. உங்கட நடைபவனியில முதல் ஆளா நான் நிப்பன்."

"அது எங்கட கையில இல்லை, அன்ரி."

"அப்ப என்ர படத்தை எடுங்கோ."

ரொஷேலுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அதில இருந்தே நாளைக்கு மருந்து வந்தா? அப்பவும் வேண்டாமோ?"

ஒரு கோப்பை தேத்தண்ணியைச் சிந்தாமல் குடிக்கப் புளோறன்ஸுக்கு எவ்வளவு ஆசை!

"வேண்டாம்," என்றாள்.

"அப்ப நீங்களே சைன் பண்ணுங்கோ. நான் கை பிடிக்கமாட்டன்." ரொஷேல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படத்தை நீக்கச் சொல்லும் படிவத்தை உஷாந்தி மேசையில் வைத்தாள். பேனை குத்தி முதல் தாள் கிழிந்தது. இரண்டாவது, நடுங்கிய கையோடு சேர்ந்து நழுவி நிலத்தில் விழுந்தது. புளோறன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று கேட்டாள்.

மூன்றாவது தாள் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். ரொஷேல் அழுதுகொண்டே அதை இரண்டு கையாலும் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவா எழுதுங்கோ, அம்மா. அண்ணாவுக்குத்தானே."

அவள் கிறிஸ்ரியை அண்ணா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. புளோறன்ஸ் கோணல்மாணலாகத் தன் முழுப் பெயரையும் எழுதி முடித்தாள்.