பிழை திருத்திய சஞ்சீவிப் பொடி

ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர், அச்சகத்தில் பிழை திருத்தும் அந்த மெய்ப்பாளர். குடலிறக்க அறுவைக்கு முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டரம்மா கேட்ட எளிய கேள்விக்குத்தான் தப்பாகப் பதில் சொன்னார்.

“ஸ்டீராய்டு ஏதாவது எடுத்திருக்கீங்களா?”

“உடம்பு ஏத்துற பசங்க போடுறதுதானே அது? எனக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும்மா.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. உப்பிய முகத்தையும் முன்கையில் கன்றிய திட்டுகளையும் பார்த்தார். “பொடி, லேகியம்?”

“மூட்டுவலிக்கு மச்சினன் பொடி குடுத்தான். ஆறு வருஷம். நாலு மாசம் முன்னாடிதான் நிறுத்தினேன். சுத்த மூலிகை.”

மனைவியின் தம்பியான அந்த மச்சினன் கட்டிலோரம்தான் நின்றான். அவன் வைத்தியசாலைப் பலகையில் பெயரைவிடப் பட்டங்கள் நீளம். ‘மூட்டுவலிக்கு சஞ்சீவி, பக்கவிளைவு இல்லை’ என்ற அவன் துண்டறிக்கையில் விடுபட்ட ‘ச்’சைச் சேர்த்துக் கொடுத்தவரே மெய்ப்பாளர்தான். பொய்க்குத் திருத்தக்குறி இலக்கணத்தில் கிடையாது.

“டாக்டர், கொஞ்சம் தனியா பேசலாமா?” மச்சினன் இழுத்தான்.

“இங்கயே சொல்லுங்க. வருஷக்கணக்கா ஸ்டீராய்டு வெளியிலேர்ந்து வந்தா, உடம்பு சொந்தமா சுரக்கிறத மறந்துடும். ஆபரேஷன் மேசையில பிரஷர் விழும். முன்னாடியே தெரிஞ்சா ஊசி போட்டுச் சமாளிக்கலாம்.”

மச்சினன் குரலைத் தாழ்த்தினான். “கொஞ்சம் கலப்பேன். எல்லாரும் கலக்குறதுதான்.”

“தெரிஞ்சேதான் குடுத்தியா மாப்ளே?”

“வலி போச்சுல்ல மாமா?”

போனது உண்மை. போன சந்தோஷத்தில் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்ததும் உண்மை. கலந்ததையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

“காலையிலேர்ந்து நர்ஸம்மா மூணு தடவ கேட்டாங்க, என்னென்ன மருந்து சாப்பிட்டீங்கன்னு. நீ பக்கத்துலதானே நின்ன?”

“சொன்னா கடைக்குக் கெட்ட பேரு மாமா.”

ஆக, ஒரு தட்டில் கடையின் பேர், மறு தட்டில் மாமா. கடைதான் கனத்திருக்கிறது.

டாக்டரம்மா அனைத்தையும் குறித்துக்கொண்டு, ஊசிக்கும் எழுதிவிட்டு, உறவினர் கையெழுத்துக்கான தாளை நீட்டினார். மச்சினன் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தான். மெய்ப்பாளர் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“அக்கா கீழ இருக்கா. அவ போடட்டும்.”

“அக்காவுக்குத் தெரிய வேணாம் மாமா.”

“என்ன ஊசி, எதுக்குன்னு கேப்பா. நீதான் சொல்லணும். போய்க் கூட்டிட்டு வா.”