ஒரே குரூப் இரத்தம்

சிக்கன்பாக்ஸ் கொப்புளம் முழுக்கக் காய்வதற்குள் லியனார்ட் வேலைக்குப் போய்விட்டான். போர்ட் கிள்ளான் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கட்டி தூக்குகிற வேலை. சாயங்காலம் திரும்பியவனுக்கு விரலும் காதும் நீலம் பாய்ந்திருந்தன. கண் மஞ்சள். மூத்திரம் பால் விடாத கோப்பி ஓ மாதிரி கறுப்பாகப் போனது. மனைவி டோரிஸ் அவனைப் போர்த்திப் படுக்கவைத்து, கோழி சூப் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வரச்சொல்லி காப்பாரிலிருந்த அவன் அண்ணன் வாலண்டைனுக்குப் போன் பண்ணினாள்.

வாலண்டைன் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கிறவன். அந்த மருந்தைக் குடித்துச் செத்தவர்களைப் பார்த்திருக்கிறான். தம்பியின் கண்ணைக் கண்டதும் அந்த நினைப்புத்தான் வந்தது. இவள் ஏதாவது கலந்து கொடுத்தாளா என்று தம்பியைக் கேட்டான்.

லியனார்ட் போர்வையை இழுத்துக்கொண்டான்.

“தெரியல.”

வாலண்டைன் டோரிஸின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, தம்பி கண்ணெதிரே சிங்க் விளிம்பில் மோதினான். மிச்ச சூப்பை வாயைப் பிளந்து ஊற்றினான். அவள் விழுங்கிக் காட்டியும் விடவில்லை. திமிறியவளின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வாய்க்கு எட்டிய அவன் கட்டைவிரலை, பல் எலும்பில் தட்டுகிறவரை கடித்தாள். அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுத் தம்புசாமிதான் பிரித்துவிட்டு, மூவரையும் தன் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

லியனார்டுக்கு உடனே இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குரூப்தான் என்று வாலண்டைன் கையை நீட்டினான். சோதித்தால், இரண்டு பேர் இரத்தமும் சேராமல் திட்டுத்திட்டாய்த் திரண்டது.

டாக்டர் குணபூசணி அவனை உட்காரவைத்துச் சொன்னார்: “யாரும் விஷம் வைக்கல. அம்மைக் கிருமியை எதிர்க்க உடம்புல உண்டான எதிர்ப்புப்பொருள் இப்ப அவர் இரத்தத்தையே அழிக்குது. ஏ, பி மட்டுமில்ல, இரத்தத்துல வேற அடையாளமும் உண்டு. ஏறக்குறைய எல்லார்கிட்டயும் இருக்கிற ஒண்ணைத்தான் அது தாக்குது. உங்க இரத்தத்துலயும் அது இருக்கு. உடம்பு குளிர்ந்தா மோசமாகும், சூட்டுல அடங்கிடும். ஐஸ் தூக்கினதுதான் வினை.”

வார்டில் லியனார்டைக் கதகதப்பாக வைத்து, சூடாக்கிய இரத்தத்தை மெல்ல ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். எழுந்து உட்கார்ந்ததும், வீட்டுக்குப் போகலாம் என்று டோரிஸைக் கூப்பிட்டான். அண்ணன் ஏதோ பயத்தில் செய்துவிட்டான் என்றும் சொன்னான்.

“உங்கண்ணன் வெறியில அடிச்சாரு,” என்றாள். “நீங்க படுத்துக்கிட்டுப் பாத்துட்டிருந்தீங்க.”

மாவுக்கட்டோடு நேரே ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தாள். வாபஸ் வாங்கச் சொல்லி ஆள்மேல் ஆள் வந்தார்கள். அவள் வாங்கவில்லை. வாலண்டைன் ஜெயிலுக்குப் போனான். டோரிஸ் செராஸில் அக்கா வீட்டோடு தங்கி, ஒரு தையல் கடையில் இடது கையால் துணி வெட்டப் பழகிக்கொண்டாள்.