கொடியில் துணி கூடாது

கிரிஸ்டெல் தன் கைபேசியில் இருந்த படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துக் கடைசியில் எங்கள் வீட்டு ஜன்னலில் வந்து நிறுத்தினாள்.

“இதுதான் நம்ம மெயின் ஸ்பாட்” என்றாள். “இந்த மஞ்சச் செவுரு முன்னாடி எல்லாரும் வெள்ளை டீ-சர்ட்ல நின்னா செமையா இருக்கும். ஒரே ஒரு குறை. எவனோ துணி காயப் போட்டிருக்கான் பாரு. அதுவும் ஜட்டி. சீ!”

அந்த ஜட்டி என் அப்பாவுடையது. இடுப்பு நாடா தொய்ந்துபோய் நான்தான் தைத்துக் கொடுத்திருந்தேன்.

மணிலாவில் ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளக்கும்போது எங்கள் ஆபீசுக்குக் கோடைச் சுற்றுலாப் பைத்தியம் பிடித்துவிடும். கமிட்டி போடுவார்கள். கமிட்டிக்குத் தலைவி கிரிஸ்டெல். சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு. எந்த இடத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் விழும், எந்தச் சுவருக்கு எந்தச் சட்டை, ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் யார் கூடையைப் பிடிப்பது, யார் கடிப்பது மாதிரி நிற்பது. எங்கள் மலையூர் பாகியோவுக்குப் போகிறார்களாம். அங்கே மனிதர்கள் சோறு தின்று, இருமி, துணி துவைத்துக் காலம் தள்ளுகிறார்கள் என்பது ஒருத்தர் பேச்சிலும் வரவில்லை.

“ரோவேனா, நீ பாகியோப் பொண்ணுதான?” என்றான் ஜெபாய். கமிட்டியின் கோமாளி அவன். “உங்காளுங்க இன்னும் கோவணம்தான் கட்டுறாங்களா?”

“சும்மா இருடா, எருமை” என்று கிரிஸ்டெல் அவனை அடக்கினாள். “இவளைப் பார்த்தா இகோரோட் மலைசாதி மாதிரியா இருக்கு? எவ்வளவு செவப்பா இருக்கா!”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பாராட்டிவிட்டாளாம். நான் நன்றி சொல்ல வேண்டுமாம்.

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். என்னுடையது ஒப்பந்த வேலை, மே மாதத்தோடு முடிகிறது. நிரந்தரம் ஆவதும் ஆகாததும் மேடம் அமெலிட்டாவின் ஒரு கையெழுத்து. மேடத்தின் காதைக் கடிக்கும் உரிமை ஆபீசில் கிரிஸ்டெல் ஒருத்திக்குத்தான் உண்டு. என் சம்பளம் நின்றால் அப்பாவின் மருந்தும் நிற்கும். இவ்வளவும் தெரிந்திருந்தும், அவள் மறுபடி அந்த ஜட்டியைப் பெரிதாக்கிக் காட்டி எல்லோரும் சிரித்தபோது வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அது எங்க வீடு” என்றேன்.

சிரிப்பு நின்றது. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன், முட்டாள் நான். கிரிஸ்டெல் கைதட்டினாள்.

“அடிப்பாவி, இதைச் சொல்லாம இருந்தியே! அப்ப உள்ளயும் போய் எடுக்கலாம்! ஜன்னல்ல இருந்து எட்டிப் பாக்கிற மாதிரி ஒண்ணு!”

மேடத்துக்கு அங்கிருந்தே செய்தி போனது. மேடம் ஏழெட்டு இதயம் அனுப்பினார். அந்த இதயங்களைக் கிரிஸ்டெல் என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள்.

எந்தச் சுற்றுலாவானாலும் முன்கூட்டியே இடத்தைப் போய்ப் பார்த்து வருவது கமிட்டிக்காரர்களின் சடங்கு. ஆபீஸ் செலவில் ஒரு சின்னச் சுற்றுலா, வேறென்ன? சனிக்கிழமை கிரிஸ்டெல், ஜெபாய், நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். மலை வளைவுகளில் ஜெபாய் இரண்டு முறை பையில் வாந்தியெடுத்தான். அது ஒன்றுதான் அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த திருப்தி.

சுற்றுலாக்காரர்களுக்காக எங்கள் குன்றின் வீடுகளுக்கு வண்ணம் அடித்தவர்கள் சாலையிலிருந்து தெரியும் பக்கத்துக்கு மட்டும்தான் அடித்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும். அங்கே துருவேறிய தகரமும், பழைய பேனர் துணியும், சாக்கடைக் குழாயும்தான். கிரிஸ்டெல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள்.

“இந்தப் பக்கம் யாரும் வராத மாதிரி பாத்துக்கணும்” என்றாள் ஜெபாயிடம். “மேடத்துக்கு ஒத்துக்காது. அப்புறம் ரோவி, அன்னைக்கு அக்கம்பக்கத்துலயும் சொல்லி வை. கொடியில துணி கூடாது.”

அப்பா ஜன்னலோரம் அவருடைய மர நாற்காலியில் இருந்தார். சுரங்கத்தில் தின்ற தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டதால் படுத்தால் மூச்சு முட்டும். தூக்கம்கூட உட்கார்ந்தபடிதான். விருந்தாளிகள் என்றதும் எழுந்துவிட்டார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து காப்பி வைத்தார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஏற்கெனவே அவித்து மூடி வைத்திருந்தார். நல்ல கோப்பைகளை எடுக்க அம்மாவின் மரப்பெட்டியைத் திறந்தார். கிரிஸ்டெல் காப்பியில் எழும் ஆவியைப் படம் எடுத்தாள். கிழங்கை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தாள். இரண்டையும் வாயில் வைக்கவில்லை. கோப்பையின் விளிம்பை ஒரு முறை விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு அப்படியே தள்ளி வைத்தாள்.

தூ! சொந்த வீட்டுக்குள் இப்படி ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தேனே!

சுவரை இப்போதே வெறுமையாகப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னதும், கொடியில் கிடந்ததைப் பக்கெட்டில் வாரிப் போட நான் வெளியே போனேன். ஆமாம், போனேன். மே மாதம் அவ்வளவு பெரிதாக என் கண்முன் நின்றது. திரும்பி வந்தபோது உள்ளே ஜெபாய், “அங்கிள், சிரிக்காதீங்க, சீரியஸா வெளிய பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கைகள் முழங்காலில். தோளிலிருந்து பாதம் வரை வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை போட்ட போர்வை.

பக்கெட் என் கையிலிருந்து நழுவியது. எங்கள் பக்கத்தில் இறந்தவரைப் படுக்க வைப்பதில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, அவருக்கென்று நெய்து வைத்த போர்வையைப் போர்த்தி, வாசலைப் பார்க்க வைப்போம். உறவும் ஊரும் வந்து, உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோல உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும். அம்மாவை அப்படித்தான் வைத்திருந்தோம், இதே நாற்காலியில். அப்பாவின் போர்வை அன்றிலிருந்து அந்தப் பெட்டியின் அடியில் இருந்தது.

“பாத்தியா ரோவி, எவ்வளவு அழகா இருக்காரு!” என்றாள் கிரிஸ்டெல். “பெட்டியில கிடந்துச்சு. மொதல்ல நான் போத்தி ஒரு செல்ஃபி எடுத்தேன். அப்புறம்தான் தோணிச்சு, அங்கிளுக்குப் போத்தினா என்னன்னு. தலைக்கு எறகு தொப்பி ஒண்ணு வாடகைக்கு எடுத்துட்டா முடிஞ்சுது. அன்னைக்கு ஒவ்வொருத்தரா இவர் பக்கத்துல நின்னு…”

“அது பொணத்துக்குப் போத்துறது” என்றேன்.

“என்னது?”

“செத்தவங்களுக்கு. எங்கப்பா சாகும்போது போத்த வச்சிருக்கோம். அதைத்தான் நீ எடுத்துச் சுத்திக்கிட்ட.”

அவள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கையைத் தட்டினாள், தோளைத் தட்டினாள், பையிலிருந்து சானிடைசரைக் கவிழ்த்து முழங்கை வரை தேய்த்தாள். ஜெபாய் வாசலுக்கே போய்விட்டான். எதையும் தொடவில்லை அவன், ஆனாலும் அவனும் கையை நீட்டி வாங்கித் தேய்த்துக்கொண்டான். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போர்வையை அவர் கழற்றவில்லை.

“பயப்படாதம்மா, ஒண்ணும் ஆகாது” என்றார் அவளிடம், அவளுக்குப் புரியும் தகாலோக்கில். “தெரியாமத்தான செஞ்ச.”

“நீங்க யாரும் இங்க வர வேணாம்” என்றேன் நான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “சொவருக்கும் வேணாம், ஜன்னலுக்கும் வேணாம். படத்தை அழிச்சிட்டுக் கிளம்புங்க.”

கிரிஸ்டெல் நிதானத்துக்கு வந்துவிட்டாள். சானிடைசர் மூடியைத் திருகிக்கொண்டே, “மேடம் ரொம்ப ஆசையா இருக்காங்க ரோவி” என்றாள் மெதுவாக. “உனக்கு இந்த மாசம்தான முடிவு பண்றாங்க? யோசிச்சுச் சொல்லு. அந்தத் துணியை மட்டும் ஒளிச்சு வச்சுடு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“யோசிச்சாச்சு. போ.”

இறங்கும்போது அவள் ஜெபாயிடம் சொன்னது தகரத்துக்கு இந்தப் பக்கம் கேட்டது. “நேரா ஹோட்டலுக்குப் போக வேணாம்டா. எங்கயாவது டோனட் கடையில உக்காந்துட்டுப் போலாம். இல்லைன்னா பின்னாலயே வந்துரும்.” சாவு வீட்டுக்குப் போனால் நேரே வீடு திரும்பக் கூடாது, வழியில் எங்காவது நின்று போக வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. என் அப்பா உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் அவரை உதறிவிட்டுப் போக டோனட் கடை தேடினார்கள்.

“ஏம்ப்பா, போத்தும்போதே வேணாம்னு சொல்றதுக்கு என்ன?” என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது.

“அவ என்னை எங்கே கேட்டாம்மா? போத்திட்டா. உனக்கு மேலதிகாரின்னு நினைச்சேன்.” இருமல் வந்து நின்றது. “ஒரு கோழி அறுத்து, போய்ச் சேர்ந்தவங்ககிட்டச் சொல்லிடணும். எனக்கு இன்னும் வேளை வரலன்னு. உங்கம்மா பாத்திருந்தா, கெழவன் கிளம்பிட்டான்னு அங்க அடுப்பு மூட்டியிருப்பா, பாவம்.”

கைபேசி ஒலித்தது. ஆபீஸ் குழுவில் அப்பாவின் படம். அவள் அழிக்கவில்லை. மஞ்சள் ஜன்னல், பட்டைப் போர்வை, வெளியே பார்க்கும் முகம். என்றாவது ஒரு நாள் நான் பார்க்கப்போகிற அதே உருவம், அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள். மேடம் அமெலிட்டா எழுதியிருந்தார்: “சூப்பர்! இந்தத் தாத்தாவும் பேக்கேஜ்ல சேர்த்தியா?”

“என்ன சொல்றாங்க?” என்றார் அப்பா.

“நல்லா இருக்கீங்களாம்.”

“இருக்கேன்ல?” என்று சிரித்தார். பிறகு போர்வையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். “சென்ட்டு நாத்தம் கொடலைப் பொரட்டுது. இதை வெளிய போட்டு ஆத்தும்மா.”

போர்வையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். கீழே சாலையில் ஒரு வேன் வந்து நின்றிருந்தது. யாரோ ஒரு குடும்பம், எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சட்டை. மஞ்சள் சுவரைப் பார்த்துக் கைபேசிகள் எழும்பியிருந்தன. நான் போர்வையைக் கொடியில் விரித்தேன்.

“அக்கா!” என்று ஒரு பெண் கீழேயிருந்து கத்தினாள். “கொஞ்சம் தள்ளிக்கங்க அக்கா! அந்தத் துணியையும் எடுத்துடுங்க, ஒரே நிமிஷம்!”

நான் உள்ளே போனேன். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்பாவின் ஜட்டியை எடுத்து உதறி, போர்வைக்குப் பக்கத்தில், சுவரின் நட்டநடுவில் போட்டுக் கிளிப் மாட்டினேன். பிறகு கிழிந்த பனியன், படுக்கை விரிப்பு, சளி துடைக்கிற துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். பக்கெட்டில் இன்னும் நிறைய இருந்தது.