பிலாயில் குளிர் எப்படி

...உலையின் வாய் திறந்ததும் வானத்தின் அடிவயிறு முழுக்க ஆரஞ்சாகிவிடும், மேகம் இருந்தால் மேகமே பற்றிக்கொண்ட மாதிரி, காக்கைகள் விடிந்துவிட்டதென்று நம்பி ஒரு சுற்றுப் பறந்துவிட்டு ஏமாந்துபோய் மரத்துக்குத் திரும்பும் என்று அம்பலவாணன் சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார், மாயவரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி, வெயில் இறங்கிய சாயங்காலம், நடுவில் ஒரு கிண்ணத்தில் பொரி, அவர் ஒரு கை அள்ள நான் ஒரு கை அள்ளுகிறேன், அப்புறம் என்னாகும் சித்தப்பா, அப்புறம் உலையை மூடிடுவாங்க, மூடலேன்னா, மூடலேன்னா ரொம்ப அழகா இருக்கும் பாப்பா, எல்லாரும் கிட்ட கிட்டப் போய்ப் பாப்பாங்க, அதான் ஆபத்து. சித்தப்பாவுக்குப் பிலாய் இரும்பு ஆலையில் வேலை என்று தெரு நம்பியது, தெருவோடு சேர்ந்து நானும் நம்பினேன், நம்பாதவர்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மட்டும்தான், ஏனென்றால் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர்கள் அவர்கள், விட்டுவிட்டு வந்த இடம் பிலாய் அல்ல, மெட்ராஸில் உயரமான மதில் சுற்றிய ஒரு மனநல ஆஸ்பத்திரி.

பிலாயைத் தேர்ந்தெடுத்தவர் தெய்வசிகாமணிப் பெரியப்பா, நகராட்சியில் சுகாதார ஆய்வாளர், ஊரில் எந்த மேடையில் நாற்காலி போட்டாலும் அதில் ஒன்று தனக்கென்று தெரிந்து வைத்திருந்தவர், பம்பாய் என்று சொல்லலாமே என்று அப்பா கேட்டதற்கு, பம்பாய்க்குத் தெருவுக்கு நாலு பேர் போய்ட்டு வரான், எந்தப் பேட்டை எந்த மாடின்னு கேப்பான், டெல்லின்னா சம்பந்தி வீட்டு ஆளு இருக்கான், பிலாய்க்கு இந்த ஜில்லாவுலேர்ந்து எவன் போறான் என்று சொல்லிவிட்டு, படையெடுப்புக்கு நாள் குறித்த தளபதி மாதிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம், அம்மா இதைப் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சித்தப்பா சில மாதம் தூங்கவே மாட்டார், கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டுக் காவிரிக்குக் குறுக்கே கண்ணாடியில் பாலம் கட்டப்போவதாகப் படித்துறையில் நின்று பிரசங்கம் செய்வார், குளிக்க வந்தவர்களுக்குத் தன் சட்டைகளையெல்லாம் கொடுத்துவிட்டு வெறும் மேலோடு வீடு வருவார், பிறகு ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்தால் மாசக்கணக்கில் சுவர்தான், சோறுகூடச் சுவரைப் பார்த்துத்தான், வீட்டில் ஆளுக்கொரு நோய் கண்டுபிடித்தார்கள், பித்தம் தலைக்கேறிவிட்டதென்று அம்மா எலுமிச்சம்பழம் தேய்த்தாள், யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றாள் சிவகாமு அத்தை, அளவுக்கு மீறிய படிப்பு என்றார் அப்பா, ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிடும் என்றார்கள் பார்க்க வந்தவர்கள், பெரியப்பா மட்டும் உத்தியோக முறையில் மலச்சிக்கல் என்றார், அவருக்கு உலகத்தின் எல்லாக் கோளாறும் எங்கேயோ ஒரு அடைப்பில்தான் தொடங்கியது, கடைசியில் மெட்ராஸ் டாக்டர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், அதை வீடு வரைக்கும் கொண்டுவர வேண்டாமென்று ரயிலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

பிலாயில் கடுங்குளிர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதனால் சித்திரை வெயிலில் சித்தப்பாவுக்குக் கத்தரிப்பூக் கலர் ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், தெரு பார்க்க வேண்டுமே, பட்டப்பகலில் ரிக்‌ஷா, மெதுவாப் போப்பா, ரயிலுக்கு நேரமிருக்கு என்று பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொல்கிறார், சித்தப்பாவின் காதோரம் வியர்வை கோடாக இறங்குகிறது, எதிர்வீட்டு பாக்கியத்தம்மாள் வாசலுக்கு வந்து, உடம்பப் பாத்துக்க தம்பி, உனக்குப் பனி ஒத்துக்காது என்கிறாள், அவளே முந்தானையால் விசிறிக்கொண்டுதான் சொல்கிறாள். திரும்பி வரும்போது இளைத்திருப்பார், கை லேசாக நடுங்கும், பேர்கள் மறந்திருக்கும், ஷாக் வைத்ததில் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னது பெரியவர்களுக்குத் தெரியும், பாக்கியத்தம்மாளுக்கு எப்படித் தெரியும், பெரிய உத்தியோகம் ஆனதும் எங்களையெல்லாம் மறந்தாச்சு, எங்க, என் பேரச் சொல்லு பாப்போம் என்று வாசலிலேயே மறிப்பாள், சித்தப்பா சிரித்துக்கொண்டே நிற்பார், மண்டக்கனம் என்று தெரு தீர்ப்புச் சொல்லிவிடும், பைத்தியம் என்ற பெயருக்கு மண்டக்கனம் எவ்வளவோ மேல் என்று பெரியப்பாவுக்கு அதில் பரம திருப்தி. பிலாயில குளிர் எப்படி என்று கேட்காத ஆள் கிடையாது, பொய் சொல்லத் தெரியாத மனுஷன், இருக்கு, பழகிடும் என்பார், அவ்வளவுதான். மாடியில் எனக்கு மட்டும் முழுப் பிலாயும் கிடைக்கும், மணி அடிச்சா எல்லாரும் தட்டு எடுத்துக்கிட்டு வரிசையா நிக்கணும் பாப்பா, எல்லாருக்கும் ஒரே பச்சைக் கலர் சட்டை, இரும்புக் கேட்டு ரெண்டு ஆள் உயரம், உத்தரவில்லாம யாரும் வெளிய போக முடியாது, காலைல பெரிய அதிகாரி வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் தூங்கினியான்னு கேப்பாரு. வேலைக்குப் போன எடத்துல எதுக்கு சித்தப்பா தூங்கினியான்னு கேக்கறாங்க. அங்க அதான் முக்கியமான வேலை. உலையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும், அணையவும் விடக்கூடாது, அணைஞ்சா உருகின இரும்பு உள்ளேயே கட்டிப்போயிடும், பொங்கவும் விடக்கூடாது, பக்கத்துலயே ஆள் இருக்கணும். இருந்தாங்களா சித்தப்பா. இருந்தாங்க, மாறி மாறி இருந்தாங்க, என்று பொரியை அள்ளுவார், நடுக்கத்தில் பாதி கீழே கொட்டும், பெரிய ஆளானதும் நானும் பிலாய்க்குத்தான் வேலைக்குப் போவேன் என்று சொல்வேன், வேணாம் என்று சொல்ல மாட்டார், என் தலையைத் தடவிவிட்டு வானத்தைப் பார்ப்பார்.

சிவகாமு அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் சித்தப்பா நன்றாக இருந்தார், அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை, நன்றாக இருந்தார், காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டு காகிதக் கடைக்குக் கணக்கு எழுதப் போனார், எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார், பாக்கியத்தம்மாள் பேரைக்கூடக் கேட்காமலே சொன்னார், ஆனாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பத்து நாள் வந்து போவார்கள், எப்ப என்ன பண்ணுவான்னு எப்படிச் சொல்றது என்று பெரியப்பா கூடத்தில் ஆரம்பித்தார், நல்லாத்தானே இருக்கான் என்றாள் அம்மா, நல்லா இருக்கறதுதான் பயமா இருக்கு என்றார் பெரியப்பா, சித்தப்பா உள்ளே போய்த் தானே பெட்டியை எடுத்தார், தானே ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டார், மார்கழி அது, அந்த ஒரு தடவைதான் ஸ்வெட்டர் பொருத்தமாக இருந்தது, ரிக்‌ஷாவில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, கல்யாணத்துல என்ன பாயசம்னு பாத்து வெச்சுக்க பாப்பா, வந்து கேப்பேன் என்றார். தையில் கல்யாணம், மண்டபத்தில் பெரியப்பா மைக்கைப் பிடிக்கிறார், பிலாய் உருக்காலையில் உயர்பொறுப்பு வகிக்கும் எங்கள் இளவல், உற்பத்தி ஒருநாளும் தடைபடலாகாது என்ற தேசக் கடமையின் பொருட்டு, உடன்பிறந்தாளின் மணவிழாவையும் தியாகம் செய்திருக்கிறார் என்கிறார், மண்டபம் கைதட்டுகிறது, நானும் கை வலிக்கத் தட்டுகிறேன், மணவறையில் அத்தை தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள், வெட்கம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், மூக்கு நுனியிலிருந்து மாலையில் சொட்டுகிறது. மாசி கடைசியில் திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி பாயசம்தான், ஜவ்வரிசி என்றேன், முந்திரி நெறைய போட்டிருந்தாங்களா, ஆமா, நல்ல வேளை, சிவகாமுக்குப் புடிக்கும் என்றார். பிறகு எத்தனையோ முறை பிலாய் போய் வந்தார், நான் ஊரைவிட்டுப் படிக்கப் போன வருஷம் சாதாரணக் காய்ச்சலில் வீட்டுக் கட்டிலில் செத்துப்போனார், காரியப் பத்திரிகையில் அவர் பெயருக்குக் கீழே பிலாய் உருக்காலை, அடைப்புக்குறிக்குள் ஓய்வு என்று போட்டிருந்தது, பெரியப்பாவே அச்சகத்தில் நின்று பிழை திருத்தியது.

எனக்கு எப்போது தெரிந்தது என்று யோசித்தால் பிடிபடவில்லை, யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை, மழைநீர் சுவரில் இறங்குகிற மாதிரி தெரிந்தது, தெரிந்த பிறகும் பிலாய் பிலாயாகவே இருந்தது, இல்லாவிட்டால் என் கணவர் இறந்து நான் சுவரைப் பார்த்துப் படுத்தபோது, எங்கள் ஊர் டாக்டர், குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி உண்டா என்று கேட்டபோது, எங்க குடும்பத்துல எல்லாருமே ரொம்பத் தெளிவானவங்க டாக்டர் என்று கூட வந்த என் அண்ணன் சொன்னதற்கு நான் எப்படித் தலையாட்டியிருப்பேன், சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள், எழுந்தேன், எழுந்தவள் நிற்கவில்லை, தூக்கம் போயிற்று, பள்ளிக்கூடத்தில் தாவரவியல் வகுப்பை மரத்தின் மேல் உட்கார்ந்து எடுத்தேன், ஒரு விடியற்காலை வாங்கி வைத்திருந்த பெயிண்டைக் குழைத்து வீட்டு முன்சுவர் முழுக்க நானே ஆரஞ்சு அடித்தேன், பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, டீச்சரம்மா, இந்தக் கலரப் பாத்தா பஸ்ஸே நின்னுடும் போலிருக்கு என்றார், எவ்வளவு அழகு என்று நான் கிட்ட கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு ஒரே வாரத்தில் மறுபடி சுவர், இந்தத் தடவை ஆரஞ்சுச் சுவர். அண்ணன் ஊரில் பெரிய மனிதர், பெரியப்பாவின் நாற்காலியெல்லாம் இப்போது அவருடையது, போன மாதம்தான் மனநல விழிப்புணர்வுக் கூட்டத்தில் தலைமை வகித்து, மனநோயும் சர்க்கரை வியாதி மாதிரிதான், மறைக்கக் கூடாது, வெட்கப்படக் கூடாது என்று பேசிச் சால்வை வாங்கியிருந்தார், அந்தச் சால்வையைப் போர்த்தித்தான் என்னைக் காரில் ஏற்றினார், தெரிந்த முகம் எதிர்ப்படாத தூரத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் என் மகளுக்கும் நான் கோயம்புத்தூரில் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன், கோயம்புத்தூர் ஏன் என்று கேட்டேன், நம்ம பக்கத்து டீச்சருங்க யாரும் அங்க போறதில்ல என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், மணி அடிக்கிறது, உள்ளே ஒரு கதவு திறக்கிறது, பச்சைக் கலர் சட்டையில் ஆட்கள் தட்டோடு வரிசையாக வருகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் இரும்புக் கேட், ரெண்டு ஆள் உயரம், ஒரு நர்ஸ் ஒருவரிடம், நேத்து தூங்கினீங்களாண்ணே என்று கேட்கிறாள், எட்டு வயதில் நான் போக ஆசைப்பட்ட ஊர், இத்தனை வருஷம் கழித்து வந்து இறங்கியிருக்கிறேன், அவர் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை, ஊர்ப் பெயர் மட்டும்தான் பெரியப்பாவுடையது, என்ன சிரிக்கிற என்று அண்ணன் பயந்துபோய்க் கேட்கிறார், ஒண்ணுமில்ல என்கிறேன். டாக்டர் இளவயசுப் பெண், நிதானமாகக் கேட்கிறாள், அண்ணன்தான் பதில், ரெண்டு மாசம் கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்தா டாக்டர், இப்ப மறுபடி சோர்வு, அவ்ளோதான், ஆரஞ்சுச் சுவர் சுறுசுறுப்பாகிவிட்டது, குடும்பத்துல யாருக்காவது, சேச்சே, அப்படி யாரும் கிடையாது, அப்ப பழைய மாத்திரையே கொஞ்சம் கூட்டிப் பாக்கலாம் என்று அவள் பேனாவை எடுக்கிறாள், பேனா தாளைத் தொடுகிறது, மூடலேன்னா ரொம்ப அழகா இருக்கும் பாப்பா என்று மாடியில் சித்தப்பா சொன்னது ஞாபகம் வருகிறது, எங்க சித்தப்பா பிலாய்ல இருந்தாரு என்கிறேன் நான். வேலையாங்க என்கிறாள் டாக்டர், ஆமா டாக்டர், ஸ்டீல் பிளான்ட், ரிட்டயர்டு என்கிறார் அண்ணன், காரியப் பத்திரிகையைப் பார்த்துப் படிக்கிற மாதிரி. இல்லங்க, அவரு மெட்ராஸ்ல இதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரியில இருந்தாரு, பத்துப் பன்னெண்டு தடவ, தூங்க மாட்டாரு, கண்ணாடியில பாலம் கட்டறேம்பாரு, அப்புறம் சுவரப் பாத்துப் படுத்துக்குவாரு, நானும் சும்மா சுறுசுறுப்பா இல்ல, மரத்து மேல உக்காந்து பாடம் எடுத்தேன், வீட்டுக்கு நானே ஆரஞ்சு அடிச்சேன் என்கிறேன், சொல்லச் சொல்ல ஸ்வெட்டரைக் கழற்றுகிற மாதிரி இருக்கிறது, டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், இத முதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்கு அந்த மாத்திரையத் தனியாக் குடுத்திருக்கவே மாட்டாங்கம்மா, சோர்வ எழுப்பற மாத்திரை, பிடிச்சு நிறுத்த எதுவும் இல்லாம ஏத்திவிட்டுடுச்சு, இது வேற நோய், பேரு இருக்கு, மருந்தும் இருக்கு, என்று அந்தப் பெயரைச் சொல்கிறாள், ரயிலில் விட்டுவிட்டு வந்த பெயர், இத்தனை வருஷம் எங்கெங்கே சுற்றிவிட்டு வந்ததோ, என் மடியில் உட்கார்ந்துகொள்கிறது. அண்ணன் குரலைத் தாழ்த்தி, டாக்டர், இது ரெக்கார்டுல ஏறுமா என்று கேட்கிறார், ஏறணும் சார் என்கிறாள் அவள்.

கொஞ்ச நாள் இங்கேயே இருக்க வேண்டுமாம், மாடி வராந்தாவில் கட்டில், கம்பிக்கு வெளியே மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தூங்குமூஞ்சி மரம், அண்ணன் பையை வைத்துவிட்டுக் கிளம்பப்போன நேரம் போன் அடிக்கிறது, மதுரை ஹாஸ்டலிலிருந்து என் மகள் மங்கை, அம்மா, ட்ரெய்னிங்லாம் எப்படிப் போகுது, கோயம்புத்தூர்ல குளிர் எப்படி, என்கிறாள், அண்ணன் எதிரே நின்று உதட்டை மட்டும் அசைக்கிறார், நல்லா இருக்குன்னு சொல்லு, நல்லா இருக்குன்னு சொல்லு, வயதாகிவிட்டது அவருக்கு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், அப்படியே பெரியப்பா, இருக்கு, பழகிடும் என்று என் வாய்வரை வந்துவிட்டது, மங்கைக்கு இருபது வயது, அவளையும் ஒருநாள் ஒரு டாக்டர் கேட்கக்கூடும், குடும்பத்துல யாருக்காவது என்று. நான் கோயம்புத்தூர்ல இல்லடி, மனநல ஆஸ்பத்திரியில சேர்ந்திருக்கேன், எனக்கு ஒரு வியாதி, என் சித்தப்பாவுக்கும் இருந்தது, பேரு சொல்றேன், எங்கயாவது குறிச்சு வெச்சுக்க என்கிறேன், சொல்கிறேன், அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார், அங்க எப்படிம்மா இருக்கு என்று மங்கை சின்னக் குரலில் கேட்கிறாள், மணி அடிச்சா தட்டு எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கணும், எல்லாருக்கும் ஒரே பச்சை சட்டை, காலைல வந்து தூங்கினியான்னு கேப்பாங்க, பக்கத்துலயே ஆள் இருக்காங்க, மாறி மாறி இருக்காங்க என்கிறேன், நான் வரட்டுமா என்கிறாள், வா, வரும்போது பொரி வாங்கிட்டு வா என்கிறேன், போனை வைத்துவிட்டுக் கம்பி வழியே பார்த்தால் மதிலுக்குப் பின்னால் வானத்தின் அடிவயிறு முழுக்க ஆரஞ்சாகிறது, மேகம் பற்றிக்கொள்கிறது, உலை இல்லை, வெறும் சாயங்காலம், இன்னும் கொஞ்ச நேரத்தில் தானாக மூடிவிடும், காக்கைகள் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு, இந்தத் தடவை ஏமாறாமல், தூங்கப்போகிற மரத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன.