தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

ரவூபுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் தாய்ப்பாலோடு வந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றச் சொன்னால்தான் பாதி கீழே சிந்திவிடும். அந்த வேலைக்குத்தான் சர்க்கார் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் என்று பெயர் வைத்து, சத்தியமும் வாங்கிக்கொண்டு, சம்பளம் கொடுத்தது.

சிங்கப்பூரில் டிராம் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த வருஷம். விசாரணை செய்யும் வெள்ளைக்காரத் துரையின் முன் நின்றவள் சிராங்கூன் ரோட்டு மாட்டுக் கொட்டகைக்காரி மங்களம். இடுப்பில் மூன்று வயதுப் பெண். குழாயடிச் சண்டையில் யாரோ, "அது வாங்கின புள்ளதானே" என்று கத்தியது போலீஸ்காரர் காதில் விழுந்துவிட்டது. பிள்ளைகளை விற்பதும் வாங்குவதும் ஊரில் நடந்த காலம். துரை அதில் மகா கண்டிப்பு. வாங்கியது உண்மையானால் பிள்ளையைப் பிடுங்கி அநாதை விடுதியில் சேர்த்துவிடுவார்.

"வாங்கினாளா, கேள்" என்றார் துரை.

ரவூப் கேட்டார்.

"ஆமாங்கையா. பக்கத்து வீட்டு செல்லக்கண்ணுகிட்ட ஒரு முறம் தவிடு குடுத்து வாங்கினேன்."

ரவூபுக்குச் சங்கதி உடனே புரிந்துவிட்டது. பெற்றதெல்லாம் சாகும் வீட்டில், அடுத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். தவிட்டு விலைப் பிள்ளை நமக்கெதற்கு என்று எமன் விட்டுவிடுவானாம். ரவூப் வீட்டில் எமனை நம்புகிறவர் இல்லை. ஆனாலும் அப்படி வாங்கிய பிள்ளைகளோடு தெருவில் விளையாடி வளர்ந்தவர். தமிழில் இதை யாரும் யாருக்கும் விளக்கியதே இல்லை. ஆங்கிலத்தில் விளக்க எங்கே போவது? பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் தவிடு என்றால் குதிரைத் தீனி, அவ்வளவுதான்.

துரையின் பேனா மேசையைத் தட்டியது. "என்ன சொல்கிறாள்?"

சொன்னதைச் சொன்னால் பிள்ளை போகும். ரவூப் துரையைப் பார்த்து, "நோ" என்றார்.

மங்களத்துக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் அதுதான்.

"ஏன் நோ சொல்றீங்க? வாங்கினதுதான்யா. வாங்கலேன்னு சத்தமா சொல்லாதீங்க. மூணைக் கொண்டுபோனவன் காதுல விழுந்துடும்."

அவள் மறுத்துத் தலையாட்டியது துரைக்கே புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. ரவூப் அவள் பக்கம் போய்க் குனிந்தார்.

"எங் காதுல மட்டும் சொல்லுங்கம்மா. பெத்தது யாரு?"

அவள் வாசலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தாள்.

ரவூப் மேசையைச் சுற்றி, குமாஸ்தாக்கள் யாரும் போகாத பக்கமாகப் போய், துரையின் காதில் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்: "'நான் பெத்தது' என்கிறாள். முன்னே மூன்று செத்துவிட்டன. உரக்கச் சொன்னால் இதுவும் செத்துவிடும் என்று பயப்படுகிறாள்."

பிள்ளையின் காதை இன்னும் விடாத அந்தக் கையைத் துரை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரும் குரலைத் தாழ்த்தினார். "அவள் பெற்ற பிள்ளையை அவளே கூட்டிக்கொண்டு போகட்டும்."

ரவூப் நிமிர்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி மொழிபெயர்த்தார்:

"தவிட்டுக்கு வாங்கின புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போங்கம்மா."