யாரும் இல்லை என்றால்

பெரியம்மா குளியலறையில் விழுந்து இரண்டு மாதம். இடுப்பு எலும்பு கூடிவிட்டது. பயம் போகவில்லை. குளிப்பாட்டிவிட ஒருத்தி வந்தால் போதும் என்று முதியோர் உதவி அலுவலகத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்திருந்தாள். அந்தப் படிவத்தைச் செய்தவள் அங்கே வேலை பார்க்கும் அவளுடைய தங்கை மகள்தான். பெரியம்மாவுக்கு அது தெரியாது.

ஆள் ஒதுக்கியவர்களின் பட்டியல் வந்தபோது அதில் பெரியம்மாவின் பெயர் இல்லை.

"ஆள் வேணும்னு டிக் பண்ணீங்களா பெரியம்மா?" தங்கை மகள் போனில் கேட்டாள்.

"அப்படி ஒரு கேள்வியே வரலையேடி. கூட யார் இருக்காங்கன்னு கேட்டுச்சு. யாரும் இல்லைன்னேன். உடனே நன்றின்னு சொல்லி அனுப்பிடுச்சு. உன் பெரியப்பாகூட இவ்வளவு சுருக்கா பேச்சை முடிச்சதில்லை."

அவள் போனை வைத்தாள். கணினியில் படிவத்தின் விதியைத் திறந்தாள். உடன் இருப்பவர் யாரும் இல்லை என்றால், மூன்றாம் பக்கத்தை மறை. அவளே எழுதியது. உடன் இருப்பவர்களின் பெயரும் வயதும் கேட்கும் பக்கம் அது, தனியாளுக்கு எதற்கு என்று நினைத்திருந்தாள். பணியாள் தேவையா என்ற கேள்வியும் அதே பக்கத்தின் அடியில்தான் இருந்தது. சோதித்தபோதெல்லாம் தன் வீட்டு விவரத்தையே நிரப்பியிருந்தாள். அவள் வீட்டில் ஆறு பேர்.

விண்ணப்பித்தவர்களில் தனியாக இருப்பவர்களை எண்ணினாள். நாற்பத்தொரு பேர். ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை.

பெரியம்மா விஷயத்தையும் சொல்லி மேலாளரிடம் காட்டினாள். அவர் திரையைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஆள் ஒதுக்கி முடிச்சாச்சும்மா. அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம். ஒருத்திதான் மிச்சம். வேணும்னா உங்க பெரியம்மா பேரைச் சத்தமில்லாம சேர்த்துடறேன்."

"மத்த நாற்பது பேர், சார்?"

"அவங்க யாரும் கேக்கலையே."

"நான் கேக்க விடலை, சார்."

இருக்கைக்குத் திரும்பி இயக்குநருக்கு எழுதினாள். நாற்பத்தொரு பெயர்கள், விதி, அதை எழுதியவள் பெயர். மாலையில் பதில் வந்தது. மிச்சமிருந்த ஒருத்தி அவர்களில் மூத்தவருக்கு. அவருக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. மற்றவர்கள் அடுத்த வருடம்.

போன் செய்தாள்.

"இந்த வருஷம் கிடைக்காது, பெரியம்மா."

"எந்தக் கழுதைடி அந்த ஃபார்மைச் செஞ்சது?"

"நான்தான்."

எதிர்முனையில் டிவி சத்தம் நின்றது.

"சரி விடு," என்றாள் பெரியம்மா. "வாரத்துக்கு ஒரு நாள் குளிச்சா போதும்."